பெயரோடு ஒட்டிய மொழி

புனே ரயில் நிலையத்துக்குக் கிழக்கே இருக்கிறது கோர்படி. மிராஜ் செல்லும் பாதை பிரிவது இங்கேதான். டீசல் லோகோ ஷெட்டும் இங்கேதான். ரயில்வே கேட்டில் வருடக்கணக்கில் காத்து நின்று பழகியவர்கள், கடந்துபோகும் என்ஜினின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்காமல் இருந்திருக்க முடியாது. டபிள்யூ.டி.எம். என்று மூன்று எழுத்து, ஓர் எண், எந்த ஷெட்டைச் சேர்ந்தது என்ற பெயர். டபிள்யூ என்றால் அகலப்பாதை. டி என்றால் டீசல். எம் என்றால் பயணிகள், சரக்கு இரண்டுக்கும் பொது. இதில் எதுவும் பயணிக்குத் தேவையில்லை. வழியில் என்ஜின் நின்றுபோனால் பழுது பார்க்க வருகிற ஃபிட்டருக்குத் தேவை. எந்த உதிரி பாகம் பொருந்தும், யாருக்குச் சொல்லி அனுப்புவது என்பதெல்லாம் அந்த எழுத்துகளில் இருக்கிறது.

ராணுவம், ரயில்வே என்று வந்து இந்தப் பக்கம் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. சற்றுத் தள்ளி, மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனிகள். அங்கே புழங்கும் சாஃப்ட்வேர்களுக்கும் இப்படி ஒரு பழக்கம் இருக்கிறது. பெங்களூரின் ஜஸ்பே நிறுவனம் பணப் பரிவர்த்தனைக்காக வெளியிட்ட ஹைப்பர்ஸ்விட்ச், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது என்று தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் என்ற கணக்கு வழக்கு சாஃப்ட்வேர், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்று சொல்லிக்கொள்கிறது. கொத்தனார் என்ன மொழி பேசினார் என்று சொல்லி யாரும் வீடு விற்பதில்லை. சாஃப்ட்வேருக்கு மட்டும் ஏன் இந்த அறிவிப்பு?

முதல் காரணம், இவை இரண்டும் மூல நிரலோடு இலவசமாகக் கிடைப்பவை. பயன்படுத்துகிறவரே பிரித்துப் பார்த்துத் திருத்தலாம். மூடி முத்திரையிட்டு விற்கும் சாஃப்ட்வேரின் அட்டையில் மொழியின் பெயர் அபூர்வம். வாங்குகிறவர் அதில் கை வைக்கப்போவதில்லை. திறந்த நிரல் என்றால் நிலைமை வேறு. ஒரு கம்பெனி அதை எடுத்துக்கொள்ளும் முன் தன்னிடம் அந்த மொழி தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். உதவ நினைக்கும் வெளியாளுக்கும் அதே கேள்விதான்.

இரண்டாவது, மொழியின் பெயரே ஒரு வாக்குறுதி. 1973-ல் யூனிக்ஸ், சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதன் பிறகு அதை வேறு ரக கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுபோவது சுலபமாயிற்று. 1995-ல் வந்த ஜாவா, ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்றது. 2015-ல் முதல் பதிப்பு கண்ட ரஸ்ட்டின் வாக்குறுதி பாதுகாப்பு. கம்ப்யூட்டரின் நினைவகத்தைக் கையாளுவதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றை அது முன்கூட்டியே பிடித்துவிடும். மைக்ரோசாஃப்ட் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவிகிதம் இந்த வகை என்று 2019-ல் அந்நிறுவனமே சொன்னது. பணத்தைக் கையாளும் சாஃப்ட்வேர் ரஸ்ட்டின் பெயரை முன்னால் வைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மூன்றாவது காரணத்தை யாரும் உரக்கச் சொல்வதில்லை: மோஸ்தர். புது மொழியின் பெயர் கெட்டிக்கார இளைஞர்களை இழுக்கும். இனிப்புக் கடை போர்டில் ‘சுத்தமான நெய்யில் செய்தது’ என்று எழுதுவது போலத்தான். நெய்க்கு உத்தரவாதம் உண்டு, பதத்துக்கு இல்லை. 2025 நவம்பர் 18-ல் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் சேவை முடங்கி, உலகெங்கும் ஏராளமான இணையதளங்கள் திறக்காமல் போயின. வழக்கத்தைவிடப் பெரிதாக வந்த ஒரு கோப்பைச் சமாளிக்க முடியாமல் நின்றுபோன நிரல், ரஸ்ட்டில் எழுதப்பட்டதுதான். மொழி தன் வேலையைச் சரியாகவே செய்தது. கோப்பு பெரிதாக வந்தால் என்ன செய்வது என்று யோசித்திருக்க வேண்டியவர் மனிதர்.

அதற்காக மொழியின் பெயரை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கோபால் 1959-ல் உருவாகத் தொடங்கிய மொழி. 2020 ஏப்ரலில் கொரோனாவால் வேலை இழந்தவர்கள் உதவித்தொகை கேட்டு லட்சக்கணக்கில் விண்ணப்பித்தபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துப் பழைய கம்ப்யூட்டர்கள் திணறின. கோபால் தெரிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று கவர்னர் பில் மர்ஃபி நிருபர்கள் முன்னிலையில் கேட்டுக்கொண்டார். வரிசையில் நின்ற எவருக்கும் அதுவரை அந்த மொழியின் பெயர் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. ஆனால் அவர்கள் வீட்டு வாடகை அதைத் தெரிந்த சில முதியவர்களை நம்பி இருந்தது.

சாஃப்ட்வேர் எழுதியவர்கள் வேலை மாறுவார்கள், ஓய்வு பெறுவார்கள். எழுதப்பட்டது ஓடிக்கொண்டிருக்கும். அடுத்து வருகிறவர் எதைக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவைப்பது பெருமைக்காகவும் இருக்கலாம். அவருக்கு அது போதுமான உபகாரம்தான்.