எழுபது வளைவுகளும் ஒரு காயலான் கடையும்

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது அவற்றை எண்ணுவது குழந்தைகளின் விளையாட்டு. இறங்கும்போது ஓட்டுகிறவன் மட்டும் மனதுக்குள் எண்ணிக்கொள்வான். 2022 பிப்ரவரியில் ஒரு பிற்பகல், அண்ணன் தோட்டத்து மிளகு மூட்டைகளையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வளைவுகளைக் கடந்திருப்பேன். பிரேக் பெடல், நீரில் கால் வைத்தாற்போல, எதிர்ப்பே இல்லாமல் தரை வரை போயிற்று.

இரண்டு முறை, மூன்று முறை அடித்து மிதித்தேன். நான்காவது மிதியில் சிறிது பிடித்தது. கியரை இரண்டிலிருந்து ஒன்றுக்குத் தள்ளி, கைபிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து நிறுத்தினேன். பின்னிருக்கையிலிருந்து அம்மா கேட்டாள்: “ஏஞ்சாமி நிறுத்திட்டே? கொரங்கு பாக்கறதுக்கா?” ஆமாம் என்றேன். உண்மையாகவே அங்கே இரண்டு குரங்குகள் இருந்தன.

வண்டி 1989ஆம் ஆண்டு மகிந்திரா எம்.எம். 540. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது. அப்பா ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனம் வரவில்லை. ஆனால் அன்றிரவு, இதை விற்றுவிட வேண்டும் அல்லது இதன் பிரேக்கை மாற்ற வேண்டும் என்ற இரண்டைத் தவிர வேறு எண்ணம் எழவில்லை.

எங்கள் கல்லூரி இயற்பியல் துறை நண்பர் தேநீர் இடைவேளையில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். சுமையோடு 1500 கிலோ எடையுள்ள வண்டி ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாக மாறியே தீர வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே வண்டியை முழுவதுமாக நிறுத்தும்போது பிறக்கும் வெப்பத்தைப்போல அது எழுபது மடங்கு. “வளைவுக்கு ஒண்ணு” என்று சிரித்தார். எஞ்சின் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும். மிச்சம் பிரேக்கின் தலையில். டிரம்மோ ஒரு மூடிய சட்டி. உள்ளே பிறந்த சூடு எளிதில் வெளியேறாது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் இன்னும் ஆழமாக இறங்கும். டிஸ்க் காற்றில் வெளிப்படையாகச் சுழல்வதால் விரைவில் ஆறும்; சூட்டில் விரிந்தாலும் பேடை நோக்கியே விரியும்.

இவ்வளவு ஞானத்தோடு நாமக்கல்லில் மேஸ்திரி அண்ணனின் பட்டறைக்குப் போய், டிஸ்க் போட வேண்டும் என்றேன். அவர் பதில் சொல்லாமல் மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“இந்த ஆயில் எப்பங்க மாத்துனீங்க?”

நான்கு வருடம் இருக்கும் என்றேன்.

“ஆயில் மாத்தாத வண்டிக்கு டிஸ்க் எதுக்குங்க வாத்தியாரே?”

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிரச் சக்கரத்தைப் பிடிக்காது. அன்று மலையில் என் காலுக்கடியில் இருந்தது அந்த ஆவிதான். முன்னோர் வண்டி என்று பெருமை பேசிக்கொண்டு, முந்நூறு ரூபாய் ஆயிலை மாற்றாமல் அம்மாவை ஏற்றிச் சென்றவன் நான். வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆயினும் டிஸ்க் போடுவது என்றே முடிவாயிற்று. உக்கடம் பழைய இரும்புக் கடைகளுக்கு இருவரும் போனோம். பின்பக்கம் முழுவதும் நசுங்கி, முன்பக்கம் சிறு கீறலும் இல்லாமல் ஒரு போலேரோ நின்றது. 2000இல் வந்த மாதிரி. என் வண்டியின் தம்பி வகை. அதன் பின்னிருக்கையில் ஒரு குழந்தையின் ரப்பர் செருப்பு கிடந்தது. யாருடைய வண்டி என்று கடைக்காரரைக் கேட்க வாய் எடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்: “இங்க யாரும் அதைக் கேக்கறதில்லீங்க சார்.” கேட்கவில்லை. அந்தச் செருப்பு மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது.

கழற்றுவதற்குள் மேஸ்திரி எனக்கு ஒரு பாடம் நடத்திவிட்டார். இரும்பு பழையதாக இருக்கலாம், ரப்பர் பழையதாக இருக்கக் கூடாது. கேலிப்பரின் உடலை வாங்கலாம். உள்ளிருக்கும் சீல், ஹோஸ், பேட் எல்லாம் புதியவை. டிஸ்க்கில் அதன் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டர் வைத்து அளந்த பிறகே பணம். புறநானூற்றில் ஔவையார் பாடும் உமணர், வழியில் பள்ளமும் மேடும் வரும் என்று வண்டியின் அடியில் சேம அச்சைக் கட்டிக்கொண்டு போவார்கள். வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிற பாட்டு. அதன் பொருளை மைக்ரோமீட்டர் வைத்து விளக்கியவர் மேஸ்திரிதான்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி சக்கரத்தில் இருந்தது. ஐந்து போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் ஐந்தரை அங்குலம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் அளவு அது. என் ஜீப்புக்கு வந்து, போலேரோவிலும் தொடர்ந்தது. அண்ணனின் சட்டை தம்பிக்கு ஆவதுபோல.

டிஸ்க்கை என் ஹப்பில் அமர்த்த லேத்தில் சற்றுத் திருத்த வேண்டியிருந்தது. கேலிப்பரைத் தாங்க என் அச்சில் இடமே இல்லை. அதற்கு ஒரு தட்டு செய்தாக வேண்டும். இந்த மாற்றத்திலேயே எந்தத் தொழிற்சாலையும் செய்யாத, எவரும் சோதித்துப் பார்க்காத ஒரே பாகம் அந்தத் தட்டுதான். வண்டி நிற்கும்போது முழு விசையும் இறங்குவது அதன் மீதுதான். வெல்டிங் வைத்தால் ஒரு மணி நேர வேலை. மேஸ்திரி மறுத்துவிட்டார். 12 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை அறுத்து, துளையிட்டு, தலையில் 10.9 என்று பொறித்த போல்ட்டுகளால் பூட்டினார். இரண்டு நாள் ஆயிற்று. இப்படி ஒரு மனிதர் கிடைக்கவில்லையென்றால் இந்த வேலையில் இறங்காதீர்கள் என்றே வாசகர்களுக்குச் சொல்வேன்.

பின்சக்கர டிரம்களை மாற்றவில்லை. பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். முன்சக்கரங்கள் பூட்டினால் நேராகவாவது போகும்.

இனி என் கஞ்சத்தனத்தின் கதை. பூஸ்டரையும் அதனோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டரையும் வாங்கச் சொன்னார் மேஸ்திரி. பழைய மாஸ்டர் சிலிண்டர் நன்றாகத்தானே இருக்கிறது என்று வாதாடினேன். “ஓட்டிப் பாருங்க” என்று ஒதுங்கிக்கொண்டார். ஓட்டினேன். பெடல் கல்லாக இருந்தது. டிரம்மில் ஒரு ஷூவைச் சுழலும் டிரம்மே இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி இல்லை, முழு அழுத்தமும் காலிலிருந்துதான் வர வேண்டும். அது போகட்டும். எட்டுக் கிலோமீட்டர் போவதற்குள் வண்டி இழுக்கவே மறுத்தது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரங்களில் கருகல் நாற்றம். டிரம்முக்கான அந்த மாஸ்டர் சிலிண்டரின் வாயில் ஒரு சிறு வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும். ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் டிரம்முக்கு அதனால் தொல்லையில்லை. கேலிப்பரில் ஸ்பிரிங் இல்லை. பேட் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தது. நிற்காத வண்டியை நிற்க வைக்கப் போய், நகராத வண்டியைப் பெற்றேன்.

மறுபடியும் உக்கடம். அதே போலேரோவிலிருந்து பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் வந்தன. சிலிண்டருக்குப் புது கிட். பூஸ்டருக்கு வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் அதைத் தானே உண்டாக்கும், டீசல் எஞ்சின் உண்டாக்காது. எனவே முதுகில் வேக்குவம் பம்ப் பொருத்திய ஆல்டர்னேட்டரும் சேர்ந்து வந்தது. செருப்பு இன்னும் அங்கேயே கிடந்தது.

பட்டறைக்குப் பின்னால் காலி மைதானத்தில் இருபது முறை ஓட்டி நிறுத்திப் பார்த்தோம். பிறகு கொல்லிமலை: முதலில் நான் மட்டும், அடுத்து மணல் மூட்டைகளோடு. இரண்டாவது பயணத்தின் முடிவில் காரவள்ளியில் இறங்கி மேஸ்திரி சக்கரத்துக்கருகில் கையை நீட்டிப் பார்த்தார். “சூடு இருக்குது. இருக்கோணும்” என்றார். வண்டிக்கு அடியில் படுத்துத் தட்டின் போல்ட்டுகளில் ஸ்பேனரை வைத்தார். ஒன்றும் அசையவில்லை. மாதம் ஒருமுறை அவற்றை நானே சோதிக்க வேண்டும், வருடம் ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. ஆயில் மாற்றும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டும் மிளகு இறக்கப் போனோம். அந்த வளைவு வந்ததும் அம்மா, “இங்கதானே சாமி கொரங்கு பாக்க நிறுத்துனே” என்று நினைவூட்டினாள். நிறுத்தினேன். பெடல் கால்பங்குகூட இறங்கவில்லை. குரங்குகள் இல்லை. இந்தக் கட்டுரையை அவளுக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டாம்.