நீராடியபின் அமர ஓரிடம்

சித்தூர் வழியாகத் திருப்பதி யாத்திரை செல்லும் நம்மவர், தரிசனத்தையே எண்ணிக்கொண்டு, இடையிலுள்ள நீர்த்துறைகளில் அவசரமாக ஒரு முழுக்குப் போட்டுவிட்டு நடந்துவிடுகின்றனர். உடலும் உள்ளமும் தேறுவதற்கு நீராடுமிடம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை அத்துறைகளில் சற்று நின்று கண்டறியலாம்.

சித்தூருக்கு அண்மையிலுள்ள காணிப்பாக்கம் விநாயகர் சந்நிதி சத்தியப் பிரமாணத்துக்குப் பெயர் பெற்றது. குடிப்பழக்கத்தை விட்டொழிக்க விழைவோர் அங்குள்ள புஷ்கரிணியில் நீராடிய பின்னரே இறைவன் முன் சத்தியம் செய்கின்றனர். நீர் பழக்கத்தைக் கழுவிவிடாது என்பது உண்மையே. ஆயினும், நேற்றைய வாழ்வைக் கரையிலே விட்டு வந்தோம் என்னும் எண்ணத்தை அந்த முழுக்கு அளிக்கின்றது. நோயுற்ற மனத்துக்கு அது சிறிய உதவியன்று.

ஆனால் என் உள்ளம் கவர்ந்தது, திருப்பதி நகரை ஒட்டி மலையடிவாரத்திலுள்ள கபில தீர்த்தமே. வைணவர் இதனை ஆழ்வார் தீர்த்தம் என்பர். மழைக்காலத்தில் மலையருவி நேரே குளத்தில் வந்து விழும், கோடையில் மெலிந்துவிடும். 16ஆம் நூற்றாண்டில், விஜயநகர மன்னர் அச்சுத தேவராயர் காலத்தில், குளத்தைச் சூழச் சந்தியாவந்தன மண்டபம் எழுப்பப்பெற்றது. செய்தவரின் நுண்ணறிவு இங்கேதான் விளங்குகின்றது. நீராடி எழுந்தவனை உடனே வெயிலுக்கும் வீதிக்கும் விரட்டாமல், நிழலும் சாய்ந்துகொள்ளத் தூணும் கொடுத்து, நீரை நோக்கியே அமர வைத்தனர். அருவியோசை செவியை நிறைக்கப் பேச்சு தானே ஓய்கின்றது, மூச்சும் சீராகின்றது. சுவருக்கு அப்பால் ஓயாது வாகனங்கள் விரையும் சாலை!

குறையும் சொல்லத்தான் வேண்டும். ஈரக் கற்படிகளில் முதியோர் பிறர் கையைப் பற்றியே இறங்கவேண்டியிருக்கின்றது. அருவியும் எப்போதும் சாந்தமாக இருப்பதன்று. 2021 நவம்பர் பெருமழையில் வெள்ளம் கோயில் வளாகத்தினுள் சீறிப் பாய்ந்தது. மலைமேல் பாபவிநாசத்தில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே நீராடுமிடம் அமைத்திருப்பது பாராட்டத்தக்கது.

வெளியூர்களில் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்குக் குளமேது, மண்டபமேது? குளியலறை வாழ்வில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் யாருக்கும் உரிமையில்லை. எனினும், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிக்கு வழுக்காத தரையும், பற்றிக்கொள்ள ஒரு கம்பியும், வெளியே காற்று வரும் சாளரத்தருகே ஒரு நாற்காலியும் அமைத்துத் தர எவருக்கும் இயலும். அவர் தலை துவட்டி, காப்பி அருந்தி முடிக்கும் வரை அந்த நாற்காலியை வேறொருவரும் கேளாதிருப்பாராக.