வலிக்காத கால்

8.5.2025, வியாழன்

சென்னையிலிருந்து அண்ணன் வந்திருக்கிறார். சித்ரா பௌர்ணமி கிரிவலத்துக்குப் போகிறவர், வேலூரில் என் வீட்டில் தங்கிவிட்டுத் திருவண்ணாமலைக்கு பஸ் ஏறுவார். சர்க்கரை வந்து பல வருஷம். காபிக்குச் சீனி வேண்டாம் என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார்; இரண்டாம் முறை சோறு கேட்கும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும்.

சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது கட்டைவிரலுக்கு அடியில் காய்ந்த ரத்தம். வாசலில் கிடந்த செருப்பைப் புரட்டினேன். சின்ன ஆணி ஒன்று அடியைத் துளைத்து உள்ளே எட்டிப் பார்க்கிறது. எப்போது ஏறியதென்று அவருக்கே தெரியவில்லை.

"வலிக்கவே இல்லையேம்மா, அப்புறம் என்ன?" என்கிறார்.

9.5.2025, வெள்ளி

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டு, டி.டி. ஊசியும் போட்டார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.4. பொதுவாக 7-க்குள் இருந்தால் நல்லது என்றார் டாக்டர்.

பிறகு மேஜை டிராயரிலிருந்து ஒரு சின்னக் கைப்பிடியை எடுத்தார். அதன் நுனியில் விறைப்பான நைலான் இழை. அது வளையும்வரை அழுத்தினால் 10 கிராம் அழுத்தம். அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி, முதலில் கையில் தொட்டு, "இப்படித் தொடும்போதெல்லாம் 'ஆமா' சொல்லுங்க" என்றார். கட்டைவிரலில் இழை வளைந்தது. பதில் இல்லை. விரலடி மேட்டில் வளைந்தது. பதில் இல்லை. அடுத்த காலுக்குப் போனார். கண்ணை மூடியபடியே அண்ணன் கேட்டார்: "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வருஷக்கணக்கில் சர்க்கரை ஏறியே இருந்தால் நரம்பு கெடும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை, அதனால் அவைதான் முதலில் அடி வாங்கும். கூடவே ரத்த ஓட்டமும் குறைந்தால் புண் ஆறாது, கிருமி எலும்புவரை இறங்கும். காலை எடுக்க வேண்டிய நிலைக்கு வருகிறவர்களில் பலருக்குத் தொடக்கம் இப்படிக் கவனிக்காமல் விட்ட ஒரு சின்னப் புண்தான்.

10.5.2025, சனி

இந்த விஷயத்தில் எங்கள் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. 1946-இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை என்று கண்டார். வலி தெரியாததால் சுட்டுக்கொள்கிறார்கள், குத்திக்கொள்கிறார்கள், புண்ணோடேயே நடக்கிறார்கள். அதில்தான் விரல் போகிறது. அந்தக் கால்களுக்காக வந்த மெத்தென்ற எம்சிஆர் ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரைக்காரர்களும் போடுகிறார்கள். அண்ணனுக்கும் ஒரு ஜோடிக்கு அளவு கொடுத்தோம். "குஷ்டக்காரன் செருப்பா?" என்று முகம் சுளித்தார். இந்த அருவருப்பால் எத்தனை பேர் காலை இழந்தார்களோ!

11.5.2025, ஞாயிறு

வீட்டில் சண்டை. அக்னி நட்சத்திரத்தில், ஆறாத புண்ணோடு, 14 கிலோமீட்டர் வெறுங்காலில் சுற்றுவாராம். "அண்ணாமலையான் பார்த்துக்குவான்" என்றார். "அவர் மலை, அங்கேயேதான் இருப்பார். உங்க கால் அப்படி இல்லை அண்ணா" என்றேன். பேச்சு நின்றுபோனது. புண் ஆறட்டும், அதற்குப் பிறகும் மரத்த காலோடு தார் ரோட்டில் வெறுங்காலாக நடப்பதை நான் பக்தியில் சேர்க்க மாட்டேன். செருப்போடு சுற்றட்டும், சன்னதியில் கழற்றட்டும்.

12.5.2025, திங்கள்

பௌர்ணமி. அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார், கோபத்தோடு. ஆனாலும் ராத்திரி தானாகவே முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தார். விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டார். வெந்நீரின் சூட்டை இனி முழங்கையால்தான் பார்க்க வேண்டும், கால் ஆணியை பிளேடால் சீவக் கூடாது, செருப்பை உதறிப் பார்க்காமல் கால் நுழைக்கக் கூடாது. வெள்ளை சாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ரத்தக் கசிவு இருந்தால் அதில் உடனே தெரிந்துவிடும். சோறு ஒரு கரண்டி குறைந்து, அந்த இடத்தில் கீரையும் அவரைக்காய்ப் பொரியலும் வந்திருக்கின்றன.

இத்தனை வருஷமாக மாத்திரை எழுதி வாங்கியவருக்கு, ஒரு தடவைகூட யாரும் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லையாம். சர்க்கரை உள்ளவர்களே, வருஷத்துக்கு ஒருமுறையாவது டாக்டர் முன்னால் காலை நீட்டுங்கள். அவர் கேட்காவிட்டாலும் நீட்டுங்கள்.