செவி தந்தவன்

கிளாடியோ அப்பாடோ, 2014 சனவரி 20 அன்று பொலோன்யாவில் நீ கண்மூடினாய். எண்பது அகவை நிறைந்திருந்தும் உன் சாவு எமக்கு இளஞ்சாவே. யாழ்வல்லான் மாய்ந்தால் அவன் யாழ் எஞ்சும். அதை மடியிலிருத்தி அழலாம். உன் பின்னே எதைத் தழுவி அழுவேம்? நூறு பேர் ஒலிக்க, நடுவே ஒலியின்றி நின்றவன் நீ. பிறர் மூச்சும் பிறர் விரலுமே உன் கருவி. அவரெல்லாம் உளர்; குழலும் கொம்பும் உள; நீதான் இல்லை. ஒலித்தட்டு உண்டே என்று தேற்றுவார் தேற்றுக. தட்டு பாடும், கேளாது. நீ கேட்டாய், ஐய!

மிலானில் வயலின் ஆசானின் மகனாய் 1933இல் பிறந்தாய். லா ஸ்காலா ஆப்பெரா அரங்கில் தெபுசியின் இசை கேட்ட சிறுவன், இசைக்குழுவின் முன் கோலேந்துவதே தன் தொழில் என்று அன்றே துணிந்தான். வியன்னாவில் பயில்கையில், பேராசான்களின் ஒத்திகைக்குள் புகுவதற்காகவே, மும்பையிலிருந்து வந்த சுபின் மேத்தாவும் நீயும் பாடகர் குழுவில் சேர்ந்தீர். கேட்கும் பசி அத்துணை!

1968 முதல் லா ஸ்காலா உன் பொறுப்பு. செல்வர் அமர்ந்த அவையில் தொழிலாளரையும் மாணவரையும் இருத்தினாய். வெர்டியின் சிமோன் பொக்கனெக்ராவைப் புத்துயிர் பெறச் செய்தாய். பின் வியன்னா அரசு ஆப்பெரா. 1989இல் நடத்துநர் கராயன் மறைய, அவர் வழிநடத்திய பெர்லின் பில்ஹார்மோனிக் இசைஞர் தாமே வாக்களித்து உன்னைத் தெரிந்தனர். பட்டம் வேண்டா, கிளாடியோ என்றே விளியுங்கள் என்றாய். அச்சுறுத்தி ஆண்ட நடத்துநர் பலரைக் கண்ட மேடை அது. நீயோ ஒத்திகையில் பேசியது சிலவே. அவற்றுள்ளும் மிகுதி, ‘கேளுங்கள்’ என்னும் ஒரு சொல்.

கொடிதே புற்றுநோய்! 2000இல் அது உன் வயிற்றை அரிந்தது. உடல் மெலிந்து, கன்னம் ஒட்டி, அடுத்த சனவரியில் அதே பெர்லினில் வெர்டியின் இரங்கற்பாவை நடத்தினாய். 2003இல் லூசெர்னில் உன்பால் அன்புடையாரைத் திரட்டிப் புதுப் பல்லியம் அமைத்தாய். அங்கே 2010இல் மாலரின் ஒன்பதாம் சிம்பனி தேய்ந்து முடிந்தபின், தாழ்ந்த உன் கையைக் கண்டும் அவை கைதட்டவில்லை; நெடிதே அமைந்திருந்தது. ஆயிரவர் ஒருசேரக் கேட்கக் கற்ற பொழுது அது. 2013 ஆகஸ்டில் நீ இறுதியாக நடத்திய இரண்டும், சூபர்ட்டுடையதும் புரூக்னருடையதும், முடிவுறாச் சிம்பனிகளே. அதை எண்ணுந்தோறும் நெஞ்சு கலங்கும்.

நீ மறைந்த ஏழாம் நாள், லா ஸ்காலா தன் வாயில்களைத் திறந்து வைத்தது. உள்ளே இருக்கைகள் வெறிது; பேரன்பாய்ம் கோலேந்த, பேத்தோவனின் எரோய்கா சிம்பனியிலிருந்து சாவூர்வலப் பகுதி ஒலித்தது. வெளியே சதுக்கத்தில் பல்லாயிரவர் நின்று கேட்டனர். அம்மேடையை அரசவையாக்காது ஊர்மன்றாக்கிய உனக்கு அந்நகர் செய்த கடன் தக்கதே.

இத்தாலியின் ஆயுட்கால செனட்டராய்ப் பெற்ற ஊதியத்தை ஃபியேசோலே இசைப்பள்ளி மாணவர்க்கு ஈந்தாய். 1986இல் நீ நிறுவிய குஸ்தாவ் மாலர் இளைஞர் இசைக்குழு இன்றும் இயங்குகிறது. இளையோர் அதில் சேர்ந்து பயில்கின்றனர்.