இருபது பைட்

யூனிக்ஸ் வழிவந்த கட்டளைகளுக்கு ஒரு குணம் உண்டு. சொன்ன வேலை முடிந்துவிட்டால் வாயைத் திறக்காது. ஒரு ஃபைலை வேறு இடத்துக்கு நகர்த்தச் சொன்னால் நகர்த்திவிட்டுப் பேசாமல் அடுத்த வரிக்கு வந்து நிற்கும். விண்டோஸில் பழகிவிட்டு லினக்ஸ் சர்வர் பக்கம் வரும் பையன்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். "சார், ஒண்ணுமே வரலையே?" என்பார்கள். ஒன்றும் வரவில்லை என்றால் நடந்துவிட்டது என்று அர்த்தம், தம்பி. கோளாறு என்றால்தான் அது பேசும்.

இந்த அழுத்தத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸைத் தொடங்கிய காலத்தில் கணினியோடு பேசுவதென்றால் பெரும்பாலும் காகிதத்தில் அடித்துத் தள்ளும் டெலிடைப் இயந்திரம்தான். மாடல் 33 நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். அந்த வேகத்தில் யாருக்கு வளவளவென்று பேசத் தோன்றும்? பிறகு பைப் வந்தது. ஒரு நிரல் வெளியே விடுவதை இன்னொரு நிரல் அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964இலேயே ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தார். 1973இல் தாம்ஸன் அதை யூனிக்ஸுக்குள் கொண்டுவந்தார். ஒன்றின் பேச்சு இன்னொன்றின் தீனி என்று ஆனபின், "முடித்துவிட்டேன்" என்று மரியாதைக்குச் சொல்லும் ஒரு வரிகூட அடுத்த கட்டளையின் கணக்கைக் குலைத்துவிடும். வாய்மூடி வேலை செய்வதே நல்ல கட்டளைக்கு லட்சணம் ஆயிற்று.

கீபோர்டு முன்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்வரை இதில் பழுதில்லை. அதே கட்டளைகளைப் பத்து வரி ஸ்க்ரிப்டாகக் கோத்து, ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஓடு என்று விட்டுவிட்டுத் தூங்கப் போகிறோமே, அங்கேதான் விவகாரம். மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி, சர்வருக்கு ஒத்துவராது. வேலை நன்றாக நடந்தாலும் சத்தம் இல்லை, நடக்கவே இல்லையென்றாலும் பல நேரம் சத்தம் இல்லை.

நான் பார்த்துக்கொள்வது ஒரு நடுத்தரக் கம்பெனியின் சர்வர்களை. பேக்கப் எடுப்பது, பழைய லாக்குகளை ஒழிப்பது, புதிதாகச் சேர்ந்தவருக்கு அக்கவுன்ட் திறப்பது என்று தினப்படி வேலைகள். எல்லாவற்றுக்கும் சின்னச் சின்ன ஸ்க்ரிப்ட் வைத்திருக்கிறேன். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. கிரெப், ஃபைன்ட், ஆக் ஆகிய கட்டளைகளை மாற்றி மாற்றிக் கோத்தால் முக்கால்வாசி வேலை தீர்ந்துவிடும். ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் 1977இல் எழுதிய ஆக்கை இன்றைக்கும் தினமும் கூப்பிடுகிறேன். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ மென்பொருள்களின் பெயர்கூட மறந்து போய்விட்டது.

சில நாள் "டிஸ்க் ஃபுல்" என்று போன் வரும். டிஎஃப் அடித்தால் நூற்றுக்கு நூறு. எது தின்றது என்று டியூ போட்டுக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வராது. மீதி எங்கே? எப்போதோ யாரோ எழுதிவைத்த ஸ்க்ரிப்ட், பெருத்துப்போன லாக் ஃபைலை ஆர்எம் போட்டு அழித்திருக்கும். அந்த லாக்கில் எழுதிக்கொண்டிருந்த புரோகிராமோ அதை இன்னும் மூடியிருக்காது. லினக்ஸில் ஃபைலை அழிப்பது என்றால் டைரக்டரியிலிருந்து அதன் பெயரை எடுப்பதுதான். திறந்து வைத்திருக்கும் கடைசி ஆள் மூடும்வரை உள்ளே இருப்பது டிஸ்கில் அப்படியே கிடக்கும். பெயர் போன அந்த ஃபைலில் புரோகிராம் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கும். டியூ பெயரைப் பிடித்துத்தான் எண்ணும், அதனால் அதற்குத் தெரியாது. டிஎஃப் நேரே ஃபைல் சிஸ்டத்தைக் கேட்கும், அதனால் அதற்குத் தெரியும். எல்எஸ்ஓஎஃப் போட்டால் ஒரு வரியின் ஓரத்தில் 'டெலீட்டட்' என்று அடைப்புக்குறிக்குள் நிற்கும். அந்த புரோகிராமை ரீஸ்டார்ட் செய்தால் டிஸ்க் சட்டென்று இறங்கும்.

ஆர்எம் பொய் சொல்லவில்லை. அழி என்றோம், அழித்தது. இடத்தைக் காலி செய் என்று நாம் எங்கே சொன்னோம்? இதற்காகவே லாக்ரொடேட் என்று ஒன்று இருக்கிறது. லாக்கைச் சுழற்றியதும் எழுதுகிற புரோகிராமுக்குச் சிக்னல் கொடுத்து, பழையதை மூடிப் புதிதைத் திற என்று சொல்ல அதில் இடம் உண்டு. அதை விட்டுவிட்டு ஆளாளுக்குச் சொந்தமாக ஓர் ஆர்எம் எழுதிவைப்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கிரான் இதைவிட அழுத்தம். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டத்தை நிரப்பிவிட்டால் சொன்ன நேரத்துக்கு ஓட்டும். ஆனால் தேதிக்கு 13, கிழமைக்கு வெள்ளி என்று எழுதினால் பதின்மூன்றாம் தேதியும் வெள்ளியும் சேர்ந்து வரும் நாளுக்குக் காத்திருக்காது. எல்லா வெள்ளியும் ஓடும், எல்லா 13ஆம் தேதியும் ஓடும். சதவீதக் குறி வந்தால் கட்டளை அதோடு முடிந்தது என்று வெட்டிவிடும். பேக்கப் ஃபைலின் பெயரில் தேதி சேர்க்கவோ அந்தக் குறிதான் வேண்டும். நம் டெர்மினலுக்குத் தெரிந்த பாதைகளில் பாதி அதற்குத் தெரியாது. "கையால ஓட்டினா ஓடுது சார், கிரான்ல ஓடல" என்று யாராவது வந்து நின்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இத்தனைக்கும் கிரான் தவறை மறைப்பதில்லை, மெயில் போடுகிறது. அதே மெஷினில் இருக்கும் ரூட் என்ற நிர்வாகி அக்கவுன்ட்டின் தபால்பெட்டிக்கு. அதை யார் திறக்கிறார்கள்?

முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் எனக்கு முன்னிருந்தவர் எழுதிவைத்த பேக்கப் ஸ்க்ரிப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் உயிர்நாடி ஒரே வரி: டேட்டாபேஸை டம்ப் எடு, பைப் வழியாகச் சுருக்கிக் கட்டும் ஜிஜிப்புக்குக் கொடு, அன்றைய தேதி போட்ட ஃபைலில் கொட்டு. கீழே இன்னொரு வரி: முப்பது நாளுக்கு மேல் ஆனதை அழி. ஃபோல்டரைத் திறந்தால் நாள் தவறாமல் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு ஃபைல். பார்க்கவே நிறைவாக இருக்கும். அளவு காட்டும் பத்தியைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். 20, 20, 20 என்று இறங்கிக்கொண்டே வந்தது. மெகாபைட் அல்ல, பைட்.

நடந்தது இவ்வளவுதான். டேட்டாபேஸின் பாஸ்வேர்டை யாரோ மாற்றியிருந்தார்கள். டம்ப் உள்ளே நுழைய முடியாமல் ஒரு எர்ரர் வரியை விட்டுவிட்டு விழுந்தது. அந்த வரி ரூட்டின் தபால்பெட்டிக்குப் போனது. ஜிஜிப்புக்கு எதுவுமே வரவில்லை. ஒன்றுமில்லாததையும் அது சிரத்தையாகச் சுருட்டிக் கட்டும், அப்படிக் கட்டினால் வருவதுதான் இருபது பைட். பைப்பில் பல கட்டளைகள் வரிசையாக நின்றாலும் அவற்றை ஓட்டும் ஷெல் கடைசி ஆளின் முகத்தை மட்டும் பார்த்து ஜெயமா தோல்வியா என்று தீர்மானிக்கும். கடைசி ஆள் ஜிஜிப், அதற்கு ஜெயம். ஆக மொத்தமும் ஜெயம். பாஷ் என்ற ஷெல்லில் 'பைப்ஃபெயில்' என்று ஓர் ஏற்பாடு உண்டு, கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும். இதற்கிடையே அந்தக் கீழ்வரி தன் கடமையில் குறை வைக்காமல், பழைய நல்ல பேக்கப்புகளை நாளுக்கு ஒன்றாக அழித்துக்கொண்டிருந்தது. கடைசியில் சில நல்லவை மிஞ்சியிருந்தபோது கண்ணில் பட்டது அதிர்ஷ்டம்தான். வேறு பெயர் அதற்கு இல்லை.

இது சின்ன இடங்களுக்கு மட்டும் வரும் நோய் அல்ல. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தப்பான சர்வரில் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் முந்நூறு ஜிபி அளவில் நாலரை ஜிபிதான் மிச்சம். சரி, பேக்கப்பை எடுப்போம் என்று போனால் பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, டம்ப் எடுக்கும் கருவி 9.2, பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயிலும் கிளம்பியிருக்கிறது. மெயிலின் சான்று சரியில்லை என்று சேர வேண்டிய இடத்தில் அதைத் திருப்பிவிட்டார்கள். வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்த நகல்தான் கம்பெனியைக் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே ஒளிக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. நம் ஊரில் இப்படி நடந்தால் "டெக்னிக்கல் பிராப்ளம்" என்ற இரண்டு வார்த்தையோடு கதை முடிந்திருக்கும்.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நடந்தது வேறு தினுசு. அங்கே சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் ஸ்க்ரிப்டில் பழைய லாக்குகளை ஒழிக்கும் பகுதி ஒன்று இருந்தது. ஸ்க்ரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்திய பிரதியை அதன் மேலேயே எழுதிவிட்டார்கள். பாஷ் ஸ்க்ரிப்டை முழுக்கப் படித்து மனத்தில் வைத்துக்கொண்டு ஓடுவதில்லை, ஓட ஓடத்தான் படிக்கும். பாதிவழியில் புதுப் பிரதிக்குள் போய் விழுந்தது. எந்த டைரக்டரி என்று சொல்லும் மாறி அங்கே வெறுமையாக இருந்தது. லாக்குகளுக்குப் பதில் ஆராய்ச்சித் தரவுகள் அழிந்தன. 77 டெராபைட், சுமார் மூன்று கோடியே நாற்பது லட்சம் ஃபைல்கள். அழித்த கட்டளை ஒருமுறைகூட "நிஜமாகவா?" என்று கேட்டிருக்காது. புதுப் பிரதியை வேறு பெயரில் எழுதி, பிறகு எம்வி போட்டு மாற்றியிருந்தால் ஓடிக்கொண்டிருந்தது தன் பழைய ஃபைலையே கடைசிவரை படித்திருக்கும். லாக் விஷயத்தில் நம்மைப் படுத்திய அதே குணம் இங்கே காப்பாற்றியிருக்கும்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்களிலும் இந்த வாய்பேசா விளையாட்டு உண்டு. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. எண்ணும் கட்டளையான டபிள்யூசியிடம் எழுத்தெண்ணச் சொன்னால் ஐந்து என்னும், பைட் எண்ணச் சொன்னால் பதினைந்து என்னும். 'கட்' கட்டளையை முதல் பத்து எழுத்தை வெட்டச் சொன்னால் பல லினக்ஸ் வகைகளில் அது காலங்காலமாக பைட்டைத்தான் வெட்டிவந்திருக்கிறது. ஓர் எழுத்தின் நடு உடம்பில் கத்தி இறங்கும், எர்ரர் வராது. மறுநாள் ஃபைல் பெயரின் வாலில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும்.

இப்போது நான் செய்வது சாதாரண ஏற்பாடு. ராத்திரி ரோந்து வரும் கூர்க்காவின் விசில் சத்தத்துக்கு யாரும் எழுந்திருப்பதில்லை. சத்தம் கேட்கும்வரை ஆள் விழித்திருக்கிறார் என்று தூங்குகிறோம். அதுபோல ஒவ்வொரு ஸ்க்ரிப்டும் எல்லாம் முடிந்தபின் வேறொரு மெஷினுக்கு ஒரு தட்டு தட்டிவிட்டுப் போக வேண்டும். குறித்த நேரத்துக்குள் தட்டு வராவிட்டால் அந்த மெஷின் கூப்பாடு போடும். தோல்வியைச் சொல்லும் வேலையைத் தோற்ற ஆளிடமே ஒப்படைப்பதில் அர்த்தம் இல்லை. அவர் மயங்கிக் கிடக்கும்போது எப்படிச் சொல்வார்? தட்டுவதற்கு முன் பேக்கப்பின் அளவை நேற்றையதோடு ஒப்பிட ஒரு வரி இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒரு பேக்கப்பை எடுத்து வெறும் மெஷினில் ஏற்றி, டேபிள்கள் எழுந்து வருகின்றனவா என்றும் பார்க்கிறேன். இதற்கு ஏன் தனி மெஷின் என்று அக்கவுன்ட்ஸில் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்கள். நானும் ஒவ்வொரு வருஷமும் அந்த இருபது பைட் கதையைச் சொல்வேன்.

பையன்கள் இப்போது ஸ்க்ரிப்டை ஏஐயிடம் கேட்டு வாங்கிவருகிறார்கள். குறை சொல்ல மாட்டேன், இடைவெளி உள்ள ஃபைல் பெயர்களுக்கு அது நம்மில் பலரைவிட ஒழுங்காக மேற்கோள்குறி போடுகிறது. ஆனால் வாய் அதிகம். ஒவ்வொரு படிக்கும் ஓர் அறிவிப்பு, கடைசியில் பச்சை டிக்கோடு 'பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது' என்று ஓர் எக்கோ. சமீபத்தில் ஒரு தம்பி கொண்டுவந்ததைச் சோதனை சர்வரில், பாஸ்வேர்டைத் தப்பாகக் கொடுத்து ஓட்டச் சொன்னேன். நடுவில் ஓர் எர்ரர் வரி, அதற்குக் கீழே கம்பீரமாகப் பச்சை டிக். அவனே சிரித்துவிட்டான். பிழை வந்தால் அங்கேயே நில் என்ற வரியையும் பைப்ஃபெயிலையும் மேலே சேர்த்து மறுபடி ஓட்டினோம். பாதியில் நின்றது.

"இப்ப இதுக்கு ஒரு போன் அலர்ட் வச்சிரலாமா சார்?" என்றான்.

"வைக்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த போன் யாருக்கு வரணும்?"

யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறான்.