தேறியவரும் தேறப்போகிறவரும்: பெங்களூரு அணியின் ஏலக் கணக்கு



தொழில்முறை விளையாட்டில் அணி நிர்வாகங்கள் ஆண்டுதோறும் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. ஆடிக் காட்டியவரைப் பெரும் பணம் கொடுத்து வைத்துக்கொள்வதா, இன்னும் ஆடிக் காட்டாத இளைஞரை நம்பி அந்தப் பணத்தை வேறு இடத்தில் போடுவதா? அமெரிக்கக் கால்பந்தில் இது பந்தைப் பிடித்து ஓடும் ரிசீவருக்கும், புதியவர்களை வரிசைப்படி எடுக்கும் டிராஃப்ட் தேர்வுகளுக்கும் இடையே நடக்கும் பேரம். இந்தியாவில் இதே கேள்வி ஐபிஎல் கிரிக்கெட் ஏல மேடையில் எழுகிறது. 2011, 2012, 2014 முதல் 2018 வரை, பிறகு 2022 என எட்டு ஏலங்கள் பெங்களூருவில் நடந்திருக்கின்றன. இந்த ஊர் அணியின் வரலாற்றில் அந்தக் கேள்விக்கு எல்லா வகை விடைகளும் கிடைக்கின்றன.

அமெரிக்க முறை எளிது. முந்தைய சீசனில் கடைசியில் நின்ற அணி டிராஃப்டில் முதலில் ஆளெடுக்கும். புதியவரின் சம்பளம், அவர் எத்தனையாவது ஆளாக எடுக்கப்பட்டார் என்பதைப் பொறுத்து 2011 முதல் ஏறக்குறைய முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. எனவே புதியவர் தேறிவிட்டால் அணிக்கு நான்கு ஆண்டுகள் மலிவான உழைப்பு. தேறாவிட்டால் ஒரு தேர்வு வீண். 2020இல் மினசோட்டா அணி ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை பஃபலோவுக்குக் கொடுத்து, 22ஆவது தேர்வு உள்ளிட்ட சிலவற்றை வாங்கியது. அந்தத் தேர்வில் எடுக்கப்பட்ட ஜஸ்டின் ஜெஃபர்சன் முதல் சீசனிலேயே 1,400 கெஜம் சேர்த்தார். டிக்ஸும் அந்த ஆண்டு லீகிலேயே அதிக கெஜம் சேர்த்த ரிசீவரானார். இரு தரப்புக்கும் லாபம். 2022இல் டென்னசி அணி ஏ.ஜே. பிரவுனை ஃபிலடெல்ஃபியாவுக்கு விட்டுக்கொடுத்து 18ஆவது, 101ஆவது தேர்வுகளைப் பெற்றது. பிரவுன் அந்த சீசனில் 1,496 கெஜம் சேர்த்தார். 18ஆவது தேர்வில் வந்த ட்ரேலன் பர்க்ஸ் 444 கெஜத்தோடு நின்றார். பேரம் ஒரே மாதிரி இருந்தும் விளைவு நேர்மாறாக முடிந்தது.

ஐபிஎல்லின் முதல் ஆண்டிலேயே இரண்டு முறைகளும் அடுத்தடுத்து நடந்தன. 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த ஏலத்தில் பேர்பெற்றவர்கள் விலை போனார்கள். மகேந்திர சிங் தோனியைச் சென்னை 15 லட்சம் டாலருக்கு வாங்கியது. பெங்களூரு அணி ஜாக் காலிஸுக்கு 9 லட்சம் டாலர், அனில் கும்ப்ளேவுக்கு 5 லட்சம் டாலர் கொடுத்தது. ராகுல் திராவிட் ஊர் நட்சத்திரம் என்ற தகுதியில் முன்பே அணியில் இருந்தார். அடுத்த மாதம் 19 வயதுக்குட்பட்டோருக்குத் தனியாக ஒரு டிராஃப்ட் நடந்தது. அதில் சம்பளம் நிர்ணயிக்கப்பட்ட தொகை; போட்டி வரிசைக்கு மட்டுமே. டெல்லி அணியிடம் சேவாக், கம்பீர் போன்ற மட்டையாளர்கள் இருந்ததால் அது இடக்கை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானை எடுத்தது. 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற தலைவர் விராட் கோலி, டெல்லிப் பையனாக இருந்தும், 30,000 டாலருக்குப் பெங்களூருவுக்கு வந்தார்.

முதல் சீசனில் கோலி 12 இன்னிங்ஸில் 165 ரன் எடுத்தார், சராசரி 15. அந்த ஆண்டின் சிறந்த 19 வயதுக்குட்பட்ட வீரர் விருது அதே பெங்களூரு அணியின் ஸ்ரீவத்ஸ் கோஸ்வாமிக்குப் போனது. ஒரு சீசனை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் கோஸ்வாமியை வைத்துக்கொண்டு கோலியை விட்டிருக்க வேண்டும். பெரும் விலைக்கு வந்தவர்களும் அந்த ஆண்டு அணியைக் காப்பாற்றவில்லை. எட்டு அணிகளில் பெங்களூரு ஏழாவது இடத்தில் முடித்தது.

முதல் பெரிய முடிவு 2011 ஜனவரி ஏலத்துக்கு முன் வந்தது. ஓர் அணி நான்கு பேர் வரை ஏலத்துக்கு விடாமல் தக்கவைக்கலாம் என்று விதி இருந்தும் பெங்களூரு ஒருவரை மட்டுமே வைத்துக்கொண்டது. அவர் கோலி, விலை 18 லட்சம் டாலர். அதுவரை மூன்று சீசன்களில் அவர் எடுத்த ரன் 165, 246, 307; சதம் ஒன்றுகூட இல்லை. திராவிட் ராஜஸ்தானுக்கும் காலிஸ் கொல்கத்தாவுக்கும் போனார்கள். ஏறிக்கொண்டிருக்கும் எண்களும் 22 வயதும் இறங்குமுகத்தில் இருக்கும் பெரிய பெயர்களைவிட மதிப்புள்ளவை என்று அணி கணித்தது. 2016இல் கோலி ஒரே சீசனில் நான்கு சதங்களுடன் 973 ரன் குவித்தார். 2018இல் அவருடைய தக்கவைப்பு விலை 17 கோடி ரூபாய்.

அதே 2011 ஏலம் இன்னொன்றையும் காட்டியது. கிறிஸ் கெயில் அப்போதே உலகறிந்த மட்டையாளர். ஆனால் அவரை யாரும் வாங்கவில்லை. சீசன் நடுவே டிர்க் நானெஸ் காயமடைய, மாற்று ஆளாகப் பெங்களூருவுக்கு வந்த கெயில் 608 ரன் எடுத்து ரன் பட்டியலில் முதலிடம் பிடித்தார். அடுத்த ஆண்டு 733 ரன். 2013 ஏப்ரல் 23 அன்று சின்னசாமி அரங்கில் புனே அணிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 175 ரன் எடுத்தார். ஏலத்தில் கேட்கப்படும் தொகை, அந்த நேரத்தில் எத்தனை அணிகளுக்கு அப்படி ஓர் ஆள் தேவை, கையில் எவ்வளவு பணம் மிச்சம் என்பவற்றைப் பொறுத்தது. ஆட்டக்காரரின் மதிப்போடு அது பல முறை பொருந்துவதில்லை.

கடந்த காலத்துக்குக் கொடுக்கும் விலைக்கு யுவராஜ் சிங் உதாரணம். 2011 உலகக் கோப்பையின் தொடர் நாயகனான அவரை 2014இல் பெங்களூரு 14 கோடிக்கு வாங்கியது. அவர் 376 ரன் எடுத்தார். அடுத்த சீசனுக்கு முன் அணி அவரை விடுவித்தது. 2015இல் டெல்லி 16 கோடி கொடுத்து 248 ரன் பெற்றது. 2016இல் ஹைதராபாத் 7 கோடிக்கு வாங்கியது. ரசிகர்கள் நினைவில் வைத்திருக்கும் ஆட்டத்துக்கு இந்த விலை பொருந்தலாம். அணி வாங்குவதோ அடுத்து ஆடப்போகும் ஆட்டத்தை.

வருங்காலத்துக்குக் கொடுக்கும் விலையும் இதேபோல் தவறும். ஆடும் பதினொருவரில் வெளிநாட்டவர் நால்வருக்கு மேல் கூடாது என்பது விதி. குறைந்தது ஏழு இந்தியர் வேண்டும் என்பதால், இந்திய அணிக்கு ஆடாத உள்ளூர் ஆல்ரவுண்டர்களுக்குக் கிராக்கி அதிகம். அமெரிக்க டிராஃப்டில் புதியவரின் சம்பளத்துக்கு வரம்பு உண்டு. ஐபிஎல் ஏலத்தில் இரண்டு அணிகள் மல்லுக்கு நின்றால் போதும், சில லட்சம் அடிப்படை விலை பல கோடியாகிவிடும். 2016 பெங்களூரு ஏலத்தில் பவன் நேகியை டெல்லி 8.5 கோடிக்கு வாங்கியது; மறு ஆண்டே அவர் பெங்களூருவுக்கு 1 கோடிக்கு வந்தார். பெங்களூருக்காரரான கிருஷ்ணப்பா கௌதமை 2018இல் ராஜஸ்தான் 6.2 கோடிக்கும், 2021இல் சென்னை 9.25 கோடிக்கும் எடுத்தன. சென்னை அணியில் அந்த சீசனில் ஓர் ஆட்டத்தில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 2022இல் லக்னோ 90 லட்சத்துக்கு வாங்கியது.

தேறியவர், தேறப்போகிறவர் என்ற இரண்டு தட்டுகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு 2018இல் வந்தது. பெங்களூரு அணி கோலியையும் ஏபி டி வில்லியர்ஸையும் தக்கவைத்தது. மூன்றாவது ஆளாக அது வைத்துக்கொண்டவர் 20 வயது சர்ஃபராஸ் கான். இந்திய அணிக்கு ஆடாதவர் என்பதால் அவருக்கு 1.75 கோடிதான் சம்பளம். ஆனால் விதிப்படி அணியின் கையிருப்பிலிருந்து 3 கோடி கழிந்தது. ஓர் அணிக்கு அனுமதிக்கப்பட்ட 80 கோடியில் மிச்சமிருந்த 49 கோடியோடு அணி ஏலத்துக்குப் போனது. வெளியே விடப்பட்டவர்களில் கெயிலும், தோள்பட்டைக் காயத்தால் 2017 சீசனைத் தவறவிட்ட கே.எல். ராகுலும் இருந்தார்கள். ராகுலைப் பஞ்சாப் 11 கோடிக்கு வாங்கியது. அவர் அந்த சீசனில் 659 ரன் எடுத்தார். இரண்டு சுற்றுகளில் விலை போகாத கெயிலும் மூன்றாவது சுற்றில் அடிப்படை விலை 2 கோடிக்குப் பஞ்சாபுக்கே போய் ஒரு சதம் உட்பட 368 ரன் எடுத்தார். சர்ஃபராஸுக்குச் சில ஆட்டங்களே கிடைத்தன. சீசன் முடிந்ததும் விடுவிக்கப்பட்டார். பணம் மிச்சப்பட்டது உண்மைதான். மிச்சப்பட்ட பணத்தில் ராகுலுக்கு ஈடான இந்தியத் தொடக்க மட்டையாளர் கிடைக்கவில்லை என்பதே நஷ்டம்.

புதியவர்களிடம் பொறுமை என்ன தரும் என்பதற்குத் தமிழ்நாட்டு ஆட்டக்காரர்கள் சான்று. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த டி. நடராஜன் 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு ஏறிப் பஞ்சாபுக்குப் போனார். ஆறு ஆட்டங்களில் 2 விக்கெட். மறு ஆண்டு 40 லட்சத்துக்கு ஹைதராபாத் வாங்கி, இரண்டு சீசன் ஆடவைக்காமலே வைத்திருந்தது. 2020இல் அவர் யார்க்கர்களால் 16 விக்கெட் எடுத்து, அதையடுத்த ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்திலேயே இந்தியாவுக்காக மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமானார். பெரிய விலை கொடுத்தவருக்குப் பலன் கிடைக்கவில்லை; காத்திருந்தவருக்குக் கிடைத்தது. சாய் சுதர்சனை 2022 பெங்களூரு ஏலத்தில் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில் அவர் 47 பந்தில் 96 ரன் எடுத்தார். 2025க்கு முன் 8.5 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டு, அந்த சீசனில் 759 ரன்னோடு, அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பியை வென்றார்.

அதே 2022 ஏலத்தில் ரஜத் பட்டிதாரை யாரும் கேட்கவில்லை. காயமடைந்த ஒருவருக்கு மாற்றாக 20 லட்சத்துக்குப் பெங்களூரு அவரை அழைத்தது. மே 25 அன்று எலிமினேட்டரில் லக்னோவுக்கு எதிராக 54 பந்தில் 112 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். காயத்தால் 2023 முழுவதும் ஆட முடியாதபோதும் அணி அவரை விடவில்லை. 2025க்கு முன் 11 கோடிக்குத் தக்கவைத்துத் தலைமையையும் கொடுத்தது. கோலிக்கு 21 கோடி. ஏலத்தில் ஜோஷ் ஹேசில்வுட்டுக்கு 12.5 கோடி, புவனேஷ்வர் குமாருக்கு 10.75 கோடி, குருணால் பாண்டியாவுக்கு 5.75 கோடி, இளம் சுழல் வீச்சாளர் சுயாஷ் சர்மாவுக்கு 2.6 கோடி என்று 120 கோடிக் கையிருப்பு பிரித்துப் போடப்பட்டது. 2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று பெங்களூரு முதல் கோப்பையைப் பெற்றது. ஆட்ட நாயகன் குருணால்.

இந்த வரலாற்றிலிருந்து மதிப்பிடுவோர் பார்க்க வேண்டியவை நான்கு. முதலாவது, வயதும் எண்களின் போக்கும்: 2011 கோலியும் 2014 யுவராஜும் வேறுபட்டது அதில்தான். இரண்டாவது, ஒருவரை விட்டால் அவருடைய வேலையைச் செய்ய வேறு யார் கிடைப்பார், என்ன விலைக்கு என்பது. 2018இல் கோட்டைவிடப்பட்டது இது. மூன்றாவது, விலை மொத்தக் கையிருப்பில் எத்தனை பங்கு என்பது. 20 லட்சத்துக்கு வந்த புதியவர் தேறாவிட்டால் அணிக்குப் பெரிய இழப்பில்லை; 9 கோடிக்கு வந்தவர் தேறாவிட்டால் இரண்டு நல்ல ஆட்டக்காரர்களை வாங்கும் பணம் போகிறது. நான்காவது, அவர் எத்தனை ஆண்டு கைவசம் இருப்பார் என்பது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரிய ஏலத்தில் அணிகள் பெரும்பாலும் கலைந்துவிடுவதால், புதியவரை வளர்த்த அணிக்கே அவர் பலன் தருவார் என்ற உறுதி ஐபிஎல்லில் இல்லை. தக்கவைப்பு இடங்கள் சிலவே இருக்க, அவற்றில் ஒன்றை யாருக்கு ஒதுக்குவது என்பதில்தான் தேறியவருக்கும் தேறப்போகிறவருக்கும் இடையிலான போட்டி கடைசியில் தீர்மானமாகிறது.