உத்திரத்தின் தலை

போடிநாயக்கனூரில் எங்கள் பாட்டனார் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிய மச்சு வீட்டை இடித்து, தேக்கு உத்திரங்களைப் பழைய மரக்கடைக்கு விற்றுவிடுவதெனச் சகோதரர்கள் மூவரும் பேசி முடித்திருந்தோம். விலை மதிக்க வந்த ஆசாரி உளியின் பிடியால் தட்டிப் பார்த்தார்.

“தலைதான் இத்துப்போச்சு அண்ணே. உடம்பு வைரம் பாஞ்ச கட்டை.”

சுவருக்குள் செருகியிருந்த அந்த ஒரு முழம், ஐப்பசி மழையில் ஊறியும் பங்குனியில் காய்ந்தும் கெட்டிருந்தது. நீர் மட்டும் மரத்தை அழிப்பதில்லை. ஈரமும் காற்றும் கூடினால்தான் பூஞ்சை பிடிக்கும். மலையாளக்கரை மிளகை அலெக்சாந்திரியாவில் வாங்கி விற்றுச் செழித்த வெனிஸ், சேற்றில் அறைந்த மரக்கழிகளின் மேல் பல நூற்றாண்டுகளாக நிற்கிறது. காற்றுப் புகாத சேற்றில் மரம் மிக மெதுவாகவே சிதைகிறது. அந்நகரத்தார் 1669 வரை ஆண்ட கிரீட் தீவின் காண்டியாத் துறைமுகத்தில், நிலத்துக்கு மேலே சுவரில் செருகிய உத்திரங்களுக்கோ அந்தக் காவல் இல்லை. அங்கும் முதலில் இற்றது தலையாகத்தான் இருந்திருக்கும்.

கெட்ட முழத்தை அறுத்தெறிந்து, புதுத் தேக்கை இணைத்து இரும்புப் பட்டை முடுக்கலாம் என்கிறார் ஆசாரி. மச்சுப் பலகையைக் கூட்டினால் இன்றும் ஏலம் மணக்கிறது. செலவுக் கணக்கை எழுதி வாங்கியிருக்கிறோம். எங்களில் இளையவன் இன்னும் ஒப்பவில்லை.